மே 17-க்குப் பிறகு: மார்கஸ் உர்பானுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மார்கஸ் உர்பான் அவர்களுக்கு,

வணக்கம்.

2024 மே 17 அன்று நீங்கள் எதிர்பார்த்திருந்தது நடக்கவில்லை. தொழில்முறைக் கால்பந்தில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் தன்பாலீர்ப்பாளர்கள் சிலர் ஒரே நாளில், ஒருவருக்கொருவர் துணையாக நின்று, தாங்கள் யார் என்பதை வெளிப்படையாகச் சொல்வார்கள் என்று அதற்குச் சில மாதங்கள் முன்பே அறிவித்திருந்தீர்கள். நாள் வந்தது, பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் காத்திருந்தன. முன்வந்தவர்கள் வெகு சிலர்தான். அவர்களில் ஜெர்மனியின் முதல்நிலைப் போட்டியான புண்டெஸ்லிகாவில் ஆடும் வீரர் ஒருவர்கூட இல்லை. உங்கள் முயற்சி தோற்றுப்போனது என்று அப்போதே தீர்ப்பெழுதி முடித்தவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் ஏற்பாட்டிலும் ஒரு குறை இருந்ததாக எனக்குப் படுகிறது. அதை உங்களிடமே பேசிவிடுவதுதான் முறை என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இதைத் தமிழில் படிக்கும் பலருக்கு உங்கள் பெயர் புதிதாக இருக்கும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த உங்கள் கதையையே சில வரிகளில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் பிறந்து, அன்றைய கிழக்கு ஜெர்மனியில் பந்தாடக் கற்று, ரோட்-வைஸ் எர்ஃபுர்ட் கிளப்பில் வளர்ந்து, நாட்டின் இளையோர் அணிக்கும் ஆடியவர் நீங்கள். தொழில்முறை ஆட்டம் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்ட வயதில் அதை விட்டு விலகினீர்கள். தன்னை மறைத்துக்கொள்வதற்கே பாதிச் சக்தியைச் செலவிட்டுக்கொண்டு ஒருவன் எத்தனை காலம் ஆட முடியும் என்பதைப் பிற்காலப் பேட்டிகளில் பலமுறை விளக்கியிருக்கிறீர்கள். 2007-இல் நீங்கள் வெளிப்படையாகப் பேசினீர்கள். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, ஜெர்மன் தேசிய அணிக்காக 52 ஆட்டங்கள் ஆடிய தாமஸ் ஹிட்சில்ஸ்பெர்கர் பேசினார். அவரும் ஓய்வு பெற்று சில மாதங்கள் ஆன பிறகே வாய் திறந்தார். அதற்குப் பின்னும் புண்டெஸ்லிகாவில் ஆடிக்கொண்டிருந்தபடி யாரும் பேசவில்லை என்பதால்தான் நீங்கள் நாள் குறித்தீர்கள்.

மே 17-ஐத் தேர்ந்தெடுத்ததில் பொருத்தம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கியது 1990-இல் இதே தேதியில்தான். 17.5 என்று எழுதப்படும் இந்தத் தேதியில் ஜெர்மானியர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு: ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175-ஆம் பிரிவு 1994-இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து முற்றாக அகன்றது. அதாவது, ஹிட்சில்ஸ்பெர்கர் பள்ளிச் சிறுவனாகப் பந்தாடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பிரிவு இன்னும் உயிரோடுதான் இருந்தது.

கூட்டாக வெளிவருவது என்ற உங்கள் யோசனையின் நியாயமும் எனக்குப் புரிகிறது. தனியாக வருபவனுக்கு என்ன நேரும் என்பதை ஜஸ்டின் ஃபஷானுவின் வாழ்க்கையைப் படித்த எவரும் மறக்க முடியாது. 1981-இல் பத்து லட்சம் பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வாங்கிய அந்த இளைஞர்தான் இங்கிலாந்தில் அவ்வளவு விலை பெற்ற முதல் கறுப்பின வீரர். 1990 அக்டோபரில் ஒரு நாளிதழ் வழியாகத் தன்னை வெளிப்படுத்திக்கொண்ட பிறகு, அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 1998 மே மாதம், 37 வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொரு ஆண் தொழில்முறை வீரர் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவிக்க 2022 மே 16 வரை, ஏறத்தாழ 32 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாக் கண்களும் ஒருவர் மீதே விழாமல், பத்துப் பேர் மீது பிரிந்து விழட்டும் என்று நீங்கள் நினைத்ததில் தவறேதும் இல்லை.

குறை எங்கே என்றால், யாருக்கு நாள் குறித்தீர்கள் என்பதில் இருக்கிறது. மாப்பிள்ளையின் சம்மதத்தை வாங்காமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதைப் போல, மறைந்திருப்பவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில் ஊருக்கெல்லாம் தேதி சொல்லப்பட்டுவிட்டது. கூட்டாக வர வேண்டுமென்றால், யார் யார் வருகிறார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க வேண்டும். தெரியவேண்டுமென்றால் ஒவ்வொருவரும் முதலில் தம்மைக் காட்டிக்கொண்டாக வேண்டும். அந்த முதல் அடியிலேயே மறைவு கலைந்துவிடுகிறது. இதற்கிடையில் ஏஜென்டும் குடும்பமும் கிளப்பின் ஊடகப் பிரிவும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பத்துப் பேரில் ஒருவர் பின்வாங்கினால் மற்ற ஒன்பது பேருக்கும் பின்வாங்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. நீங்கள் அறிவித்த தேதியோ, காத்திருந்த கேமராக்களோ இந்தக் கணக்கை மாற்றவில்லை. அவற்றைப் பார்த்து அச்சம் கூடியவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்படிச் சொல்லும்போது வீரர்களுக்குத் துணிவில்லை என்று நான் குறை கூறுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துணிவை எப்போதும் அவர்களிடமே கேட்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2012-இல், பெயர் சொல்லாத புண்டெஸ்லிகா வீரர் ஒருவரின் பேட்டி என்று ஒன்று வெளியானபோது, அஞ்ச வேண்டியதில்லை என்று அன்றைய பிரதமர் ஆங்கெலா மெர்கல் சொன்னார். 2021 பிப்ரவரியில் '11 ஃப்ராய்ண்ட' என்ற கால்பந்து இதழ் முன்னெடுத்த அறிக்கையில் 800-க்கும் மேற்பட்ட வீரர்களும் வீராங்கனைகளும் கையெழுத்திட்டு, எங்களை நம்பலாம் என்று உறுதி கூறினார்கள். ஏறக்குறைய அதே வேளையில், ஜெர்மனிக்கு உலகக் கோப்பையை வென்று தந்த தலைவர் ஃபிலிப் லாம், ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் இதைச் செய்வது உசிதமல்ல என்ற பொருளில் தம் நூலில் எழுதினார். லாம் மீது பலரும் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கையெழுத்திட்ட 800 பேர் எப்படி இருக்க விரும்பினார்கள் என்பதை அந்த அறிக்கை சொல்லியது. டிரெஸ்ஸிங் ரூம் எப்படி இருக்கிறது என்பதை லாம் சொன்னார். மறைந்திருக்கும் ஒரு வீரர் இவற்றில் எதை நம்பி முடிவெடுப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இதற்கு ஜோர்டன் ஹெண்டர்சனின் கதையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் அணித் தலைவராக இருந்தவர், வானவில் நிறக் கைப்பட்டை அணிந்து ஆடியவர், தன்பாலீர்ப்பு ரசிகர்களுக்கு ஆதரவாக வாய்விட்டுப் பேசிய வெகு சில முன்னணி வீரர்களில் ஒருவர். 2023 ஜூலையில் அவர், தன்பாலீர்ப்பைக் குற்றமாகக் கருதும் சவூதி அரேபியாவின் அல்-எத்திஃபாக் அணிக்குப் போனார். அவரை வரவேற்று அந்தக் கிளப் வெளியிட்ட காணொளியில் அவருடைய பழைய லிவர்பூல் காட்சிகள் வருகின்றன. அவற்றில் அவர் கையில் இருந்த வானவில் பட்டை நிறமிழந்து சாம்பலாகக் காட்டப்பட்டது. பின்னர் அவர் வருத்தம் தெரிவித்தார், ஆறே மாதத்தில் அங்கிருந்து கிளம்பி நெதர்லாந்தின் ஆயாக்ஸுக்கும் வந்துவிட்டார். ஹெண்டர்சன் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அந்தப் பட்டையை அணிந்திருந்தவரை அதற்கென்று அவர் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. விலை கொடுக்க வேண்டிய முதல் சந்தர்ப்பத்தில் அது சாம்பலாயிற்று. நீங்கள் குறித்த மே 17-க்கு இரண்டே நாள் கழித்து, பிரான்சில் மொனாக்கோ அணியின் முகமது கமாரா, சட்டையிலிருந்த, தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பை எதிர்க்கும் சின்னத்தை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார். அவருக்கு நான்கு ஆட்டங்கள் தடை கிடைத்தது. அவர் தமக்குச் சரியென்று பட்டதற்காக ஒரு விலையைக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். எதிரணியில் இருப்பவர்கள் விலை கொடுக்கத் தயாராக இருக்கும்போது ஆதரவாளர்கள் இலவசமாகவே நின்றுகொண்டிருந்தால் மறைந்திருப்பவர் யாரை நம்புவார்?

ஆதரவாளர்கள் விலை கொடுத்த ஓர் ஆட்டமும் உண்டு, அதையே நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். 2020 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் இரண்டாம் நிலைப் போட்டியில் சான் டியாகோ லாயல் அணி, ஃபீனிக்ஸ் ரைசிங் அணியை எதிர்த்து ஆடியது. லாயலின் நடுக்கள வீரர் காலின் மார்ட்டின் 2018-லேயே தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தவர். முதல் பாதி முடியும் தறுவாயில் எதிரணி வீரர் ஒருவர் தன்னை இழிசொல்லால் ஏசினார் என்று அவர் நடுவரிடம் முறையிட்டபோது, நடுவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு மார்ட்டினுக்கே சிவப்பு அட்டை காட்டினார். பிறகு அதைத் திரும்பப் பெற்றார். பயிற்சியாளர் லேண்டன் டோனோவன் எதிரணியின் பயிற்சியாளரிடம் களத்தோரத்திலேயே வாதாடியது காணொளியில் பதிவாகியிருக்கிறது. அப்போது லாயல் 3–1 என முன்னிலையில் இருந்தது. வென்றால் பிளே-ஆஃப் வாய்ப்பு உயிரோடிருக்கும். இரண்டாம் பாதி தொடங்கியதும் அந்தப் பதினொரு பேரும் ஒரு முழங்காலிட்டு நின்றுவிட்டு, ஆட்டத்தையும் பிளே-ஆஃபையும் சேர்த்துக் கைவிட்டு வெளியேறினார்கள். தன்னால் அணி தோற்க வேண்டாம் என்று மார்ட்டின் தயங்கியிருக்கலாம். அந்தத் தயக்கத்துக்கு அவரை ஆளாக்காமல் மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். அந்தச் சில நிமிடங்கள் 800 கையெழுத்துகளைவிடக் கனமானவை என்றே நினைக்கிறேன்.

பிரிட்டனின் நீண்ட மௌனத்தைக் கலைத்த ஜேக் டேனியல்ஸ், அப்போது பிளாக்பூல் கிளப்பின் பதினேழு வயது இளைஞர். முதலில் தாயிடமும் சகோதரியிடமும் சொன்னதாகவும், அதற்கு மறுநாள் இளையோர் ஆட்டத்தில் தாம் நான்கு கோல் அடித்ததாகவும் அவர் சொன்னார். வெளியே சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும் என்று பேசுபவர்கள் அந்த நான்கு கோலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். ஆனாலும் இதை நேர்மையாகப் பார்த்தால், ஆஸ்திரேலியாவின் ஜோஷ் கவல்லோ, அமெரிக்காவின் மார்ட்டின், வளரும் பருவத்திலிருந்த டேனியல்ஸ் என்று பேசத் துணிந்தவர்களில் பெரும்பாலோர் பெரும் பணமும் வீரர்களை வாங்கி விற்கும் பெரும் சந்தையும் இருக்கும் இடத்துக்குச் சற்று வெளியே நின்றவர்கள். செக் தேசிய அணி வீரர் யாக்குப் யாங்க்டோ 2023 பிப்ரவரியில் பேசியது இந்த வழக்கத்துக்கு விலக்கு. அந்தக் கோடையில் அவர் இத்தாலியின் காக்லியாரிக்கு மாறியபோது, அந்நாட்டு விளையாட்டு அமைச்சர் அந்திரேயா அபோதி, மனிதராகவும் வீரராகவும் அவரை மதிப்பதாகச் சொல்லிவிட்டு, வெளிக்காட்டிக்கொள்வது மட்டும் தமக்குப் பிடிக்காது என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டார். தமிழில் இத்தகைய செய்திகளின் கீழே "இதையெல்லாம் எதற்கு வெளியில் சொல்ல வேண்டும்" என்று எழுதுபவர்களுக்கும் அமைச்சருக்கும் அதிகத் தூரமில்லை. கோல் அடித்தவுடன் மனைவி இருக்கும் திசை பார்த்து மோதிரத்துக்கு முத்தமிடும் வீரரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பெண்கள் கால்பந்தில் இந்தச் சிக்கல் பெருமளவுக்குக் கரைந்துவிட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் நாட்டின் கோல்காப்பாளர் நாடின் ஆங்கெரர் 2010-இல் வெளிப்படையாகப் பேசினார், 2013-இல் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஆண்கள் கால்பந்தோ ஆண்மையை நிரூபிக்கும் களமாகவே தன்னை இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை நாள் குறிப்பதென்றால், மறைந்திருப்பவர்களை விட்டுவிடுங்கள். கிளப்புகளுக்கும் சங்கங்களுக்கும் நாள் குறியுங்கள். தங்கள் வீரரை எதிரணியோ ரசிகர்களோ ஏசினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியேறுவோமா, புள்ளிகள் போனால் போகட்டும் என்போமா என்பதை அவர்கள் எழுத்தில் தரட்டும். தன்பாலீர்ப்பைக் குற்றமாகக் கருதும் நாடுகளில் பயிற்சி முகாமோ நட்பு ஆட்டமோ வைத்தால், போக மறுக்கும் வீரரிடம் காரணம் கேட்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கட்டும். வீரர்கள் யாரும் முகம் காட்டாமலேயே செய்யக்கூடிய வேலைகள் இவை.

முதல் கேள்வியை ஜெர்மன் கால்பந்துச் சங்கத்திடமிருந்தே தொடங்கலாம். 2022-இல் கத்தார் உலகக் கோப்பையில், மஞ்சள் அட்டை கிடைக்கும் என்று ஃபிஃபா மிரட்டியவுடன், பாகுபாட்டுக்கு எதிரான 'ஒன் லவ்' கைப்பட்டையைக் கழற்றிவைத்த ஐரோப்பிய அணிகளில் ஜெர்மனியும் ஒன்று. ஜப்பானுடனான ஆட்டத்துக்கு முன் வீரர்கள் கையால் வாயை மூடிக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். 2034 உலகக் கோப்பையைச் சவூதி அரேபியாவுக்கு வழங்க 2024 டிசம்பரில் அதே சங்கம் சம்மதம் தெரிவித்தது. அந்தப் போட்டிக்குத் தேர்வாகப் போகிறவர்கள் இன்று கிளப்புகளின் இளையோர் அணிகளில் ஆடிக்கொண்டிருக்கும் சிறுவர்கள். அவர்களில் ஒருவர் தன்பாலீர்ப்பாளராக இருந்து, ரியாத்துக்குத் தம் துணைவரை அழைத்துச் செல்லலாமா என்று கேட்டால் சங்கம் என்ன பதில் சொல்லும் என்பதை நீங்கள் இப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்புடனும் அன்புடனும்,
தமிழில் எழுதும் ஒரு கால்பந்து ரசிகன்