14 பேர், ஒரே கோப்பு

காட்பாடி

அன்புள்ள நண்பா,

கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்ததில் மகிழ்ச்சி. அக்காவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை; அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. இங்கே பங்குனி பிறந்ததுமே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

குடியாத்தம், ஆம்பூர், ஆரணி என்று 14 பேர் கூடி ஒரு சிறுகதைத் தொகுப்பை மின்னூலாகக் கொண்டுவரப் போகிறீர்கள் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள் எழுதும் கதைகள் நோட்டுப் புத்தகத்திலேயே கிடக்கக் கூடாது. "எப்படி ஏற்றுவது?" என்று கேட்டிருக்கிறாய். ஏற்றுவது ஒரு சாயங்கால வேலை. அதற்கு முன்னால் இரண்டு காரியம் ஆக வேண்டும். 14 பேரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 14 கதையும் ஒரே சுத்தமான கோப்பாக வேண்டும். கூட்டுத் தொகுப்புகள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

விற்பதா, இலவசமாகக் கொடுப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சிக்கல். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடக் கட்டணம் கிடையாது, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணும் வேண்டாம். ராயல்டி 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால், மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் "கேடிபி செலக்ட்" திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. பிரதிலிபி கதைத் தளத்திலோ சொந்த வலைப்பூவிலோ யாராவது முன்பே போட்ட கதையும் இந்தக் கணக்கில் வரும். ஒரே ஒரு கதை எங்கோ மூலையில் கிடந்தால் போதும், மொத்த நூலுக்கும் கேள்வி வரும். அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை இல்லை.

பண விஷயத்தில் அமேசான் 14 பேருக்குப் பிரித்துத் தராது. ஒரே கணக்கு, ஒரே வங்கி, ஒரே பான் எண். விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் பணம் வரும். அந்த ஒருவரின் வருமானமாகத்தான் வரும். விலை 99 ரூபாய் வைத்தால், கையில் வருவதை 60 ரூபாய்க்குள் என்றே வைத்துக் கணக்குப் போடு. 14-ஆல் வகுத்தால் தலைக்கு நாலு ரூபாய் சொச்சம். அந்த நாலு ரூபாய்க்கு மாதாமாதம் கணக்கு எழுதி, அனுப்பி, விளக்கம் சொல்லி, கடைசியில் நட்பில் கசப்பு சேரும். விற்பதென்றே முடிவானால், வரும் பணம் அடுத்த தொகுப்பின் செலவுக்கு என்று முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் தொகுப்பை இலவசமாகக் கொடு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது எல்லோரும் பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் உரிமத்தில், வரும் தமிழ் நூல்களை வெளியிடுகிறது. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் நீங்களே ஏற்றியும் வைக்கலாம். ஒன்றை மட்டும் எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிடு: கிரியேட்டிவ் காமன்ஸில் ஒருமுறை கொடுத்தால் பிறகு திரும்பப் பெற முடியாது. அந்த உரிமத்திலும் வகைகள் உண்டு. "வழிப்பொருள் கூடாது" என்ற நிபந்தனை சேர்த்தால், கதையைக் குறும்படமாக எடுக்கவோ மொழிபெயர்த்து வெளியிடவோ தனியாக அனுமதி கேட்க வேண்டும். சேர்க்காவிட்டால், உரிமத்தின் மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு யாரும் எடுக்கலாம். எது வேண்டும் என்பதில் 14 பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தம். நண்பர்களுக்குள் எதற்குக் காகிதம் என்று யாராவது கேட்பார்கள். நட்பு நிலைக்கத்தான் காகிதம். ஒரு பக்கம் போதும். பதிப்புரிமையை எழுதித் தர வேண்டாம், வெளியிடும் அனுமதி மட்டும் போதும். காலமும் இடமும் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். மின்னூலோ உலகம் முழுக்கப் போகும். எனவே "உலகெங்கும்" என்ற ஒரு சொல் அந்தத் தாளில் இருந்தே ஆக வேண்டும். கதை சொந்தக் கதை, தழுவல் அல்ல என்ற உறுதி. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், வாக்கியத்தை மாற்றுவதென்றால் கேட்க வேண்டும். ஒருவர் விலக நினைத்தால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும். இவை மூன்றும் இருக்கட்டும். ஏஐ கொண்டு எழுதியதா என்பதையும் கேட்டு வாங்கு. கிண்டிலில் ஏற்றும்போது எழுத்து, படம், மொழிபெயர்ப்பு மூன்றையும் பற்றி அந்தக் கேள்வி வருகிறது.

தேர்வுக்கு, பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு, ஒரு கதையை இரண்டு பேர் படிக்கட்டும். கருத்து வேறுபட்டால் மூன்றாவது ஆள். வேண்டாம் என்பதைத் திருத்த வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு முறை திருத்தி எழுத வைத்துவிட்டுப் பிறகு மறுப்பது அநியாயம். கதைக்கு 1500 முதல் 3000 சொல் என்று வரம்பு வைத்தால் மொத்தம் 30,000 சொல்லை ஒட்டி நிற்கும். நாளைக்கு அச்சுக்குப் போனாலும் அடக்கமான புத்தகமாக இருக்கும்.

இனி கோப்பு. பாதி வேலை இங்கேதான். கதைகள் உனக்கு நாலு வழியில் வந்து சேரும். வாட்ஸப்பிலிருந்து வெட்டி ஒட்டியதில் நட்சத்திரக் குறிகளும் வரிக்கு வரி முறிவும் இருக்கும். குரலில் சொல்லித் தட்டச்சு செய்ததில் ன-ண, ல-ள, ர-ற எல்லாம் புரண்டிருக்கும், முற்றுப்புள்ளியே இருக்காது. பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் இருப்பதை என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். கைப்பிரதியாக வருவதைப் புதிதாகவே தட்டச்சு செய்வது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத பிழை இரண்டு உண்டு, கவனமாகப் பார். ஒன்று, "அவர்" என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள்: "அவா்". திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். "மாரி" என்பதும் இப்படியே "மாாி" ஆகியிருக்கும். தேடினால் கிடைக்காது, திருத்திக் கருவியும் தடுமாறும். இதைச் சரிசெய்வது சுலபம். துணைக்கால் மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது. எனவே "ா்" என்று தேடி மொத்தமாக "ர்" என்று மாற்றிவிடலாம், "ாி" என்பதை "ரி" என்று மாற்றிவிடலாம். மற்றொன்று ஔகாரம். "மௌனம்" என்று அடிக்காமல் ஒற்றைக்கொம்பும் மகரமும் ளகரமுமாக "மெளனம்" என்று அடித்திருப்பார்கள். இதை மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதே! வெளியே, தெளிவு, வெள்ளம் எல்லாவற்றிலும் முறையான எகரமும் ளகரமும் இருக்கின்றன, அத்தனையும் கெட்டுப்போகும். கௌரவம், மௌனம், சௌக்கியம், பௌர்ணமி என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

ஒற்றுப் பிழைக்கு நீச்சல்காரன் உருவாக்கிய நாவி, எழுத்துப் பிழைக்கு அவருடைய வாணி, இரண்டும் நல்ல துணை. ஆனால் உரையாடலை அவற்றிடம் கொடுக்காதே. "இன்னா", "கீது", "வந்துக்கினு" எல்லாவற்றையும் பிழை என்று காட்டும். பயந்துபோய் யாராவது "என்ன", "இருக்கிறது" என்று திருத்தினால் அந்தக் கதை செத்துப்போகும். நம் பக்கத்துப் பேச்சு அப்படியே இருக்கட்டும். ஒரு கதைக்குள் ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் "வந்துக்கினு" என்றும் அடுத்த பக்கத்தில் "வந்துனு" என்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். கதைக்குக் கதை ஒரே மாதிரி ஆக்க வேண்டிய அவசியமில்லை. வாணியம்பாடி பாய் வீட்டுப் பேச்சும் ஆரணி நெசவாளர் வீட்டுப் பேச்சும் ஒன்றாகவா இருக்கும்?

கதை சொல்லும் பகுதியில் மட்டும் ஊர்ப்பெயருக்கு ஒரே எழுத்து முறை வேண்டும். ஆற்காடா, ஆர்க்காடா? குடியாத்தமா, குடியேற்றமா? ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்பு. மாவட்டப் பெயரையும் கதை நடக்கும் வருஷத்தோடு ஒத்துப்பார்: 1985-இல் நடக்கும் கதையில் ஆரணி வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் அந்த மாவட்டம் பிரிந்தபின் ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனது. 2019-க்குப் பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம். நம் ஊர்க்காரர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூலக்கோப்பு ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். "இறுதி", "இறுதி புதியது" என்று நாலு கோப்பு சுற்ற ஆரம்பித்தால் திருத்தியதெல்லாம் காணாமல் போகும். எழுத்தாளர்கள் கூகுள் டாக்ஸில் பரிந்துரை முறையில் மட்டும் திருத்தட்டும். பத்து நாள் கெடு, அதோடு சரி.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் கதைத் தலைப்புகளுக்கெல்லாம் "தலைப்பு 1" பாணி கொடு. எழுத்தை வெறுமனே பெரிதாக்கித் தடிமனாக்கினால் பொருளடக்கம் தானாக உருவாகாது. பத்தி உள்தள்ளலுக்கு இடைவெளிப் பட்டையைத் தட்டாதே, பாணியிலேயே வை. இருபக்கமும் சமன்செய்வதைத் தவிர்த்து இடப்பக்க ஒழுங்கே வை. தமிழில் சொற்கள் நீளம், கைபேசித் திரையில் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரமும் வேண்டாம், "கோ" போன்ற எழுத்து சில கருவிகளில் உடைந்துபோகும். எழுத்துரு பதிப்பதானால் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருவாகப் பார். லதா மைக்ரோசாப்டுடையது, அதைப் பதிக்காதே. பிறகு இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதைத் திருத்த உதவும் சிகில் மென்பொருளில் திறந்து துப்புரவு செய்து, பிழை சோதிக்கும் இபப்செக்கில் பிழை இல்லை என்று வரும்வரை விடாதே. கிண்டிலுக்கும் அதே இபப் போதும், பழைய மோபி வடிவம் இனித் தேவையில்லை.

அட்டை 2560க்கு 1600 பிக்சல், உயரம்தான் பெரிய அளவு. கூகுளில் கிடைத்த கோட்டைப் படத்தை எடுத்துப் போடக் கூடாது. விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தாலும் அந்தப் படத்தின் உரிமம் கேட்கிறபடி எடுத்தவர் பெயரை உள்ளே போட வேண்டும். ஃபோட்டோஷாப்பில் தமிழ்த் தலைப்பு உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால், பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியை இயக்கச் சொல். இன்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை.

ஏற்றுவதற்கு முன் கிண்டில் பிரிவியூவர் என்ற முன்னோட்ட மென்பொருளில் ஒருமுறை, விலை குறைந்த ஒரு கைபேசியில் ஒருமுறை, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் பார். 14 பேரும் அவரவர் கதையைக் கைபேசியில் படித்து "சரி" என்று எழுத்தில் சொன்ன பிறகு பொத்தானை அழுத்து.

ஒப்பந்தத் தாளின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் வக்கீல் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடு. முதலில் முடிந்த மூன்று கதைகளை எனக்கு அனுப்பு, பிழை பார்த்துத் தருகிறேன். வேர்ட் கோப்பாகவே அனுப்பு, பிடிஎஃப் வேண்டாம். அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் காட்பாடி நண்பன்