பட்டக்கெட் அணி ஊரை விட்டுப் போனது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பஞ்சாலை ஊரான பட்டக்கெட்டில், 1942இல் திறந்த மெக்காய் பேஸ்பால் மைதானத்தைப் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள், தொழில்முறை பேஸ்பாலில் மிக நீண்டதாக அங்கே நடந்த 33 இன்னிங்ஸ் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஆட்டம் ஏன் அவ்வளவு நீண்டது, அங்கே ஆடிவந்த பட்டக்கெட் அணி ஏன் ஊரை விட்டுப் போனது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

அமெரிக்க பேஸ்பாலில் பொதுவாக டிரா கிடையாது; ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமநிலை என்றால், ஓர் அணி வெல்லும்வரை கூடுதல் இன்னிங்ஸ் ஆடுவார்கள். பட்டக்கெட் ஆடியது மைனர் லீக்கில், அதாவது பெரிய அணிகளுக்கு வீரர்களைத் தயார்செய்யும் கீழ்மட்ட லீக்கில். நள்ளிரவு 12:50க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று அந்த லீக்கில் விதி இருந்தது. ஆனால் 1981 ஏப்ரல் 18 அன்று நடுவரிடம் இருந்த விதிப் பிரதியில் அந்தப் பத்தி விடுபட்டிருந்தது. லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து ஆட்டத்தை நிறுத்தியபோது விடிகாலை மணி 4:07. 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2. வந்த 1,740 பேரில் 19 பேர்தான் மிச்சம். வீரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். ஜூன் 23 அன்று விட்ட இடத்திலிருந்து தொடங்கி, 18 நிமிடத்தில் பட்டக்கெட் வென்றது. இனி இந்தச் சாதனை உடைவது கடினம். 2018 முதல் மைனர் லீக்கில் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாவது பேஸில், அதாவது ஓட்டம் எடுக்கும் பாதையில் பாதி வழியில், ஓர் ஆளை நிறுத்தித்தான் தொடங்குகிறது; அதனால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

மைனர் லீக் அணிக்கு வீரர்கள் சொந்தமில்லை. சம்பளம் கொடுப்பதும், இங்கிருந்து வீரரைத் தூக்கிக்கொண்டு போவதும் தாய் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ்தான். உள்ளூர் முதலாளிக்கு டிக்கெட், தின்பண்டம், விளம்பரம், இவ்வளவுதான் வரும்படி. ஆகவே மைதானம்தான் அவருடைய மூலதனம். திவாலான அணியை 1977இல் வாங்கிய பென் மாண்டோர் இதைப் புரிந்து, டிக்கெட்டை மலிவாகவே வைத்திருந்தார். 2005இல் ஒரே சீசனில் 6 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். வீரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் வரிசைக்குக் கீழே இருந்ததால், பிள்ளைகள் பால் குடுவையை அறுத்து, அதில் பந்தும் பேனாவும் போட்டுக் கயிற்றில் இறக்கிக் கையெழுத்து வாங்குவார்கள். வேறு மைதானத்தில் இந்த அழகு அமையாது.

2010இல் மாண்டோர் இறந்தார். 2015இல் அணி கைமாறியது. புது முதலாளிகள் புது மைதானம் கேட்டார்கள். கட்டும் கடனுக்கு யார் பொறுப்பு என்பதில் மாநில அரசோடு இழுபறி. பக்கத்து மாநிலத்து வூஸ்டர் நகரம் கட்டித்தர முன்வந்தது. 2020தான் பட்டக்கெட்டில் கடைசி சீசனாக இருந்திருக்க வேண்டும். கொரோனாவால் அதுவும் ரத்தானது. ஊர் வழியனுப்பாமலே அணி போய்விட்டது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்