அறுவைச் சிகிச்சை உதவி நிதி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். யாருக்காகப் பணம் திரட்டுகிறோம், எதற்குத் திரட்ட மறுக்கிறோம், எங்கே இடறுகிறது என்பவற்றை இந்த அறிக்கையில் சொல்கிறேன்.

மறுப்பிலிருந்தே தொடங்குகிறேன். நம்மிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் தனியார் மருத்துவமனை எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டோடுதான் வருகின்றன. அதை வாங்கி வைத்துவிட்டு நாம் முதலில் கேட்பது குடும்ப அட்டையை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு; அதில் முடியும் அறுவைக்கு நாம் பணம் திரட்டுவதில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு வேலைக்கும் போகும் பல வீடுகளில் இந்தக் காப்பீட்டு அட்டை இன்னும் எடுக்கப்படவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கு இந்த வருமான வரம்பு இல்லை.

சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்த வேலை, பெயரில் வந்து நிற்கிறது. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் தாய்வீட்டு அட்டையிலேயே கிடக்கும். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், குடும்ப அட்டையில் பின்னால். கைக்குழந்தையின் பெயர் எதிலும் இருக்காது. நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இல்லாவிட்டால் காப்பீடும் இல்லை. வட்ட வழங்கல் அலுவலகத்தில் பெயர் சேர்த்து முடிவதற்குள் நாள் ஓடிவிடும். அதனால் மனு கொடுக்க வரும் அன்றே, மருத்துவச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பாகவே, அட்டைகளில் உள்ள பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும்படி தன்னார்வலர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த தடை மருத்துவமனையின் வாசலில். "காப்பீடு உண்டு" என்று பலகை இருந்தாலும், இதயத்துக்கு அங்கீகாரம் பெற்ற இடம் எலும்புக்குப் பெற்றிருக்காது. காப்பீட்டுப் பிரிவில் நோயின் பெயரைச் சொல்லாமல் அறுவைச் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். முன் அனுமதி வந்த பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். வட்டிக்கு வாங்கி ரொக்கம் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு அட்டையை நீட்டுகிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. பணம் கட்டாமல் சிகிச்சை பெறுவதற்கான திட்டம் இது. கட்டிய பணத்தை இதில் திரும்பப் பெற்றுவிடலாம் என்று எண்ணி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

கண்புரைக்கும், பிளந்த உதட்டுக்கும், பிறவி இதய ஓட்டைக்கும் நாம் பணம் திரட்டுவதில்லை. மதுரையில் 1976 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் பிறவிக் குறைகளை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால், அரசு செலவிலேயே வழி பிறக்கும். கொடையாளர்கள் தரும் பணம் இலவசமாகக் கிடைப்பதற்குப் போனால், வழியே இல்லாத இன்னொருவர் காத்திருக்க நேரும்.

பிறகு எதற்குத்தான் திரட்டுகிறோம்? அறுவைக்கு முன்னும் பின்னும் ஆகும் செலவுக்கு. இதயத்தில் உள்ள மிட்ரல் வால்வை மாற்றிக்கொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மதுரை பெரியாஸ்பத்திரியிலோ அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலோ, அறுவைக்கான பெருந்தொகையைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் சேர்க்கைக்கு முன் பல் பார்க்க வேண்டும். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் தங்கிவிடும் என்பதால், கெட்ட பல்லைப் பிடுங்கி ஈறு ஆறிய பிறகே மேசையில் ஏற்றுவார்கள். ரத்தசோகை இருந்தால் அதைத் தேற்ற வேண்டும். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். நமது குருதிக்கொடையாளர் பட்டியலில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி கணக்கிட்டு, கொடுக்கத் தகுதியானவர்களின் பெயரைத் தனியே குறித்து வைக்கிறோம். உடனிருப்பவருக்குச் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், அத்தனை நாள் இழக்கும் கூலி ஆகியவற்றை எந்த எஸ்டிமேட்டும் காட்டுவதில்லை.

அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் நீண்ட செலவு ஆரம்பிக்கிறது. உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிட வேண்டும். மாத்திரை விலை அதிகமில்லை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தை வைத்து மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குத்தான் பணமும் நாளும் போகின்றன. தொடக்கத்தில் அடிக்கடி, நிலைப்பட்ட பிறகு மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மிட்ரல் உலோக வால்வுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்கச் சொல்கிறார்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி அது திறக்காமல் நின்றுவிடலாம். உறைந்த ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். கூடினால் ரத்தக்கசிவு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் கசிவு ஆபத்தைக் கூட்டிவிடும். கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்றாலும், அதை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் முழுக்க முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து கருவைப் பாதிக்கும். ஒருவர் ஐ.என்.ஆர். நோட்டில் இரண்டு மாதம் வெற்றாக இருந்தால், அவர் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

காப்பீட்டுக்கான வருமான வரம்பைச் சற்றே தாண்டியவர்களுக்கும், திட்டத்தில் சேராத அறுவைக்கும் முழுத் தொகை திரட்டுகிறோம். அப்போது எஸ்டிமேட்டை வரிவரியாகப் படிக்கிறோம். அறுவை அரங்கு, மயக்க மருந்து, அறை, மருந்து என்று எல்லாவற்றுக்கும் தொகை போட்டுவிட்டு, கடைசி வரியில் "இம்பிளாண்ட் தனி", அதாவது உடலுக்குள் பொருத்தும் பொருளுக்குத் தனித் தொகை, என்றிருந்தால் அது முழுமையடையாத எஸ்டிமேட். இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017 முதல் மத்திய அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறது. பொருளின் பெயர், நிறுவனம், தொகுதி எண் உள்ள ஸ்டிக்கரின் நகலைப் பில்லோடு கேட்டு வாங்குகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள், ஒரு நாள் கூடினால் எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேட்கிறோம். பெரும்பாலும் கணக்கு மீறுவது அங்கேதான்.

இணையத் திரட்டலில் இந்த ஆண்டு கற்றுக்கொண்டவை சில. தளத்தின் கட்டணம் 5 விழுக்காடு என்றால், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 1 லட்சத்தில் 5,900 ரூபாய் போய்விடும்; பணப் பரிமாற்றக் கட்டணம் வேறு. கட்டணமே இல்லை என்னும் தளங்களில், கொடுப்பவரிடம் "டிப்ஸ்" என்று ஒரு தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அதை மாற்றலாம் என்பதை வேண்டுகோளிலேயே சொல்லிவிடுகிறோம். இலக்கை ஒரே தொகையாகப் போடாமல், சேர்க்கை, அறுவை, பின்கவனிப்பு என மூன்று தவணையாகப் போட்டதில் மிச்சம் விழுவது குறைந்தது. மிச்சமானால் என்ன செய்வது, நோயாளி இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விக்கும் பதில், குடும்பம் கையெழுத்திடும் படிவத்தில் திரட்டலுக்கு முன்பே இருக்க வேண்டும். துக்க வீட்டில் போய்க் கேட்கும் கேள்வியா அது?

குழாய் செருகிய குழந்தையின் படத்தைப் போட்டால் பணம் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை நாளை பள்ளிக்கூடம் போக வேண்டும். முகம் தெரியாத படமும், மருத்துவமனை முத்திரையிட்ட கடிதமும் போதும் என்பதே செயற்குழுவின் முடிவு. நம் வேண்டுகோளை அப்படியே எடுத்து வேறு கியூ.ஆர். ஒட்டிப் பரப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். எனவே படத்தில் கியூ.ஆரைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரைக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அனுப்பச் சொல்கிறோம்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் உள்ள நம் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர், தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு நம்மிடம் இல்லை, வாங்க முடியாது. வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்று கேட்பவர்கள் பான் எண் தர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. நோயாளியின் சொந்தக் கணக்கில் போட்ட பணத்துக்கும் நாம் சான்று தர இயலாது. நன்கொடைப் பட்டியலை நாம் மே 31க்குள் வருமான வரித்துறையில் தாக்கல் செய்தால்தான் சான்று வரும்.

பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துகிறோம். அப்போது உள்நோயாளி எண்ணை எழுத மறந்தால், தொகை யாருடையது என்று தெரியாமல் கிடந்து, வீட்டுக்குப் போக வேண்டியவர் ஒரு நாள் கூடுதலாகப் படுத்திருப்பார். அந்த நாளுக்கும் வாடகை. செலுத்திய சீட்டின் படம் உடனிருப்பவரின் கைப்பேசிக்குப் போன பிறகே அந்த வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, வால்வு மாற்றிய ஒவ்வொருவருக்கும் 12 மாத ஐ.என்.ஆர். செலவைத் தனியே ஒதுக்காமல் திரட்டலை முடிக்கக் கூடாது. இரண்டு, திரட்டல் பாதியில் நின்றாலும் அறுவை தள்ளிப்போகாதபடி, எடுத்துக் கொடுத்துப் பிறகு ஈடுசெய்ய ஒரு சுழல்நிதி. மூன்று, பெயர்த் திருத்தத்துக்கென்றே வாரம் ஒரு மாலை சங்கக் கட்டடத்தைத் திறந்து வைப்பது. முன்பே திருத்திய அட்டை உள்ள வீட்டில், நோய் வந்தபின் அலைச்சல் குறையும்.

இவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்