எதிரில் இல்லாதவருக்கு நாம் செய்வது

அன்புள்ள நண்பருக்கு,

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். உங்கள் கடிதம் கிடைத்தது. துறைத் தலைவர் பொறுப்பு உங்களைத் தேடி வந்திருப்பதில் எங்கள் வீட்டார் அனைவருக்கும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்பதால் பகல் முழுவதும் நாங்கள் தாழ்ந்த குரலில் பேச வேண்டியிருக்கிறது. அதைத் தவிர வேறு குறை இல்லை.

பொறுப்பேற்ற கொஞ்ச காலத்திலேயே, உங்களுக்குக் கீழே பணிபுரியும் இருவர் வாட்ஸ்அப் குழுவில் உங்களைக் கேலி செய்து எழுதியதையும், அதை மூன்றாமவர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பியதையும் எழுதியிருந்தீர்கள். அவர்களில் ஒருவருடைய ஆண்டு மதிப்பீட்டை இந்த மாதமே நீங்கள் எழுத வேண்டியிருப்பதால், வேதத்தை வாசிக்கிறவன் இந்த இடத்தில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். மறு கன்னத்தைக் காட்டுங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்த வசனம் எதிரே நின்று அறைகிறவனைப் பற்றியது. உங்களை அறைந்தவர்கள் உங்கள் எதிரில் இல்லை, நீங்களும் அவர்கள் எதிரில் இல்லை. ஆகவே வேறொரு பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வேதபாடக் குழுவில் இப்போது பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் வாசிக்கிறோம். பலிகளைப் பற்றிய அதிகாரங்களிலேயே சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் 19ஆம் அதிகாரம் வரையாவது பொறுத்திருக்கலாம் என்று எனக்கு வருத்தம். அங்கே 14ஆம் வசனம் இப்படிச் சொல்கிறது: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக." பார்வையற்றவர் வழியில் கல்லை வைத்தால் அவர் விழுவார், காயப்படுவார், அதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது எவருக்கும் விளங்கும். காது கேளாதவரை நிந்தித்தால் அவருக்கு என்ன நேரும்? அவர் காதில் அது விழாது, அவர் மனம் நோகாது, வழக்குக்கும் வர மாட்டார். பிறருக்குத் தீங்கு விளையாத வரையில் எதுவும் குற்றமில்லை என்று நம் காலத்தில் சொல்லிக்கொள்கிற கணக்கின்படி, அந்த நிந்தையை யாரும் குற்றமாக எண்ண வேண்டியதில்லை. இருந்தும் மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் அதைத் தடுக்கிறது, தடுப்பதற்கான காரணத்தையும் அந்த வசனத்திலேயே வைத்திருக்கிறது. அவர் கேட்காவிட்டாலும் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

இதைக் கவனித்த பிறகு அந்த அதிகாரம் முழுவதையும் நான் வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது 13ஆம் வசனம்; அந்த இரவில் கூலிக்காரன் தன் வீட்டில் இருக்கிறான், அவன் பணம் மட்டும் முதலாளியின் கையில் இருக்கிறது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் ஏழைக்கு விட்டுவிடு என்கிறது அதற்கு முந்தைய பகுதி. அறுக்கிற நேரத்தில் அந்த ஏழை அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. கோள் சொல்லித் திரியாதே என்கிறது 16ஆம் வசனம். கோள் என்பதே ஆள் இல்லாத இடத்தில் நடக்கிற காரியம். எடையிலும் படியிலும் அநியாயம் செய்யாதே என்கிறது 35ஆம் வசனம். வாங்குகிறவர் எடைக்கல்லைச் சோதித்துப் பார்ப்பதில்லை. இயேசு பிரதான கற்பனைகளில் இரண்டாவதாக எடுத்துச் சொன்ன பிறனிடத்தில் அன்புகூருதல் என்னும் கட்டளை இதே அதிகாரத்தின் 18ஆம் வசனத்தில்தான் இருக்கிறது. அந்தப் பிறன் பெரும்பாலும் நம் கண்ணுக்கு முன் இல்லாதவர் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. எதிரில் இருப்பவரிடம் மரியாதையாக நடப்பதற்குப் பயமோ பழக்கமோகூடப் போதும். எதிரில் இல்லாதவருக்கு என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் குணம் தெரிகிறது.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில் மோசேயின் சகோதரி மிரியாமும் சகோதரன் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசியபோது, மோசே அதைக் கேட்டதாக எழுதப்படவில்லை. கர்த்தர் கேட்டார் என்று எழுதப்பட்டிருக்கிறது. மிரியாம் குஷ்டரோகியானபோது அவளுக்காகக் கர்த்தரை நோக்கிக் கெஞ்சியவர் அதே மோசே. ஏழு நாள் அவள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள், அவள் திரும்பச் சேர்க்கப்படும்வரை ஜனங்கள் பிரயாணப்படவில்லை. பேசியவளைத் தண்டனையோடு விட்டுவிட்டுப் போகாமல், ஒரு ஜனக்கூட்டமே அவளுக்காகக் காத்திருந்தது என்பதைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

இன்றைய வாழ்க்கையில் எவரையும் காது கேளாதவராக்குவது எளிதாகிவிட்டது. அவரைச் சேர்க்காமல் ஒரு குழுவைத் தொடங்கினால் போதும், அதன் பிறகு அவரைப் பற்றி எதையும் எழுதலாம். உங்கள் ஊழியர்கள் செய்தது இதைத்தான், நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியவருக்கு நீங்கள் நன்றி சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. கேலி செய்தவர்களைக் காட்டிலும் அவரைக் குறித்தே நான் கவலைப்படுகிறேன். குற்றம் செய்த சகோதரனிடம் பேசுவதற்கு மத்தேயு 18ஆம் அதிகாரம் ஒரு வரிசையைச் சொல்கிறது: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில், கேளாவிட்டால் இரண்டொருவரோடு, அதற்கும் கேளாவிட்டால்தான் சபைக்கு. உங்களுக்காக உண்மையாகவே வருந்திய ஒருவர், அந்த இருவரிடம் தனியே சென்று, இது தகாது என்று சொல்லியிருப்பார். இவரோ அவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நேரே அதிகாரத்தில் இருக்கிறவரிடம் கொண்டுவந்திருக்கிறார். "விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்" என்கிறது நீதிமொழிகள் 26:20. அடுத்த முறை அவர் எதையாவது அனுப்பினால் திறந்து பார்க்காமல், இதை அவர்களிடமே சொன்னீர்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பிரசங்கி 7ஆம் அதிகாரம் இந்த விஷயத்தில் இரக்கமும் குறும்பும் கலந்து பேசுகிறது. சொல்லப்படும் எல்லா வார்த்தைகளையும் கவனியாதே, கவனித்தால் உன் வேலைக்காரன் உன்னை நிந்திப்பதைக் கேட்க நேரிடும் என்று எச்சரித்துவிட்டு, நீயும் அநேகந்தரம் பிறரை நிந்தித்தாய் என்று உன் மனதுக்குத் தெரியுமே என்று முடிக்கிறது. நாம் இருவரும் இளம் ஊழியர்களாக இருந்த காலத்தில், நம் மேலாளர்களைப் பற்றித் தேநீர் வேளைகளில் பேசிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். அன்று வாட்ஸ்அப் இல்லாமல் போனது நமக்குக் கிடைத்த கிருபை.

உங்கள் புதிய பொறுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பவுல் எழுதிய நிருபமாகிய கொலோசெயர் 3:22 வேலைக்காரரைப் பார்த்து, மனிதருக்குப் பிரியமாயிருக்கப் பார்வைக்கு ஊழியம் செய்யாதீர்கள் என்கிறது. மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாமல் மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருக்கிற என் மகளுக்கு அது பொருந்துகிறது. ஆனால் எஜமான்கள் வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்ய வேண்டும், அவர்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் இருக்கிறார் என்ற வசனம் 4ஆம் அதிகாரத்தின் முதல் வசனமாகப் போய்விட்டது. பவுல் அதிகாரம் பிரித்து எழுதவில்லை. இன்று நாம் பயன்படுத்துகிற அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை என்பார்கள். அந்தக் கோடு விழுந்த இடத்தில் வாசிப்பும் நின்றுவிடுவதால், வேலைக்காரருக்குரிய பாதி எல்லோருக்கும் தெரிகிறது, எஜமானுக்குரிய பாதி பலருக்குத் தெரிவதில்லை. இரவு பத்து மணிக்கு ஊழியருக்குச் செய்தி அனுப்புகிறவர் அந்த வீட்டில் அப்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அவரும் எதிரில் இல்லாதவருக்கு ஒன்றைச் செய்கிறவர்தான்.

இதற்கு நல்ல மாதிரி வேண்டுமானால் ரூத்தின் புத்தகத்தில் வயலின் சொந்தக்காரரான போவாஸைப் பாருங்கள். சாப்பாடு முடிந்து, ஏழை விதவையான ரூத் அவர் வயலில் கதிர் பொறுக்க எழுந்து போன பிறகு, அரிக்கட்டுகளிலிருந்து சிலவற்றை அவளுக்காக வேண்டுமென்றே சிந்தவிடும்படியும், அவளை வெட்கப்படுத்தாமலும் அதட்டாமலும் இருக்கும்படியும் அவர் தம் வேலைக்காரருக்குச் சொல்கிறார். அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருந்தால் அவள் நன்றியோடு வாங்கியிருப்பாள்; ஆனால் அவள் தன் உழைப்பில் சேர்த்ததாகவே தன் மாமியார் நகோமியிடம் கொண்டுபோகட்டும் என்று அவர் விட்டுவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் செய்யக்கூடியது தீமை மட்டுமல்ல என்பதற்கு இதைவிட அழகான இடத்தை நான் அறியேன்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். எழுதுவதற்கு முன் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை ஒருமுறை வாசியுங்கள். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். பவுல் ஒநேசிமு என்னும் அடிமையைக் குறித்து அவனுடைய எஜமானாகிய பிலேமோனுக்கு எழுதுகிறார். முன்னே அவன் பிரயோஜனமில்லாதவனாக இருந்ததை மறைக்கவில்லை, அநியாயம் செய்திருக்கக்கூடும் என்பதையும் மழுப்பவில்லை. கடன் ஏதாவது இருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று தம் கையாலேயே எழுதிக்கொடுக்கிறார். அவனைப் பற்றி எழுதிவிட்டு அவனையே அனுப்பியும் வைக்கிறார். அவன் வாசித்தாலும் பக்கத்தில் நின்று கேட்டாலும் பவுல் தலைகுனிய வேண்டிய வரி அதில் ஒன்றும் இல்லை. உங்கள் ஊழியருடைய வேலையில் குறை இருந்தால் அதைத் தயங்காமல் எழுதுங்கள். எழுதிய பிறகு அவரை எதிரில் உட்காரவைத்து உங்களால் உரக்க வாசித்துக்காட்ட முடியுமா என்று பாருங்கள். வாசிக்க முடியாத வரி ஏதேனும் இருந்தால், அது அந்த ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வந்த வரியாக இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கேலி உங்களை இன்னும் வருத்துகிறதென்றால், அதை மதிப்பீட்டிலிருந்து விலக்கி, வேறொரு நாளில் தனியே அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எனக்குக் கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் முந்தின கடிதத்தில் எழுதியதுபோல அந்த இருவருடைய பெயர்களை மறுபடி எழுத வேண்டாம்; அவர்களை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்