தகரத்துக்கு வைத்திருந்த பணம்

ரங்கூன்
20 ஜூலை 2025, ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் தங்கையும் தேவ கிருபையால் சுகம். உன் சுகத்தை அறிய ஆவலாக இருக்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை நீ எடுப்பதில்லை. அதற்காக நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. செவ்வாய்க்கிழமை பாங்காக் வருகிற நம் சபைப் பையனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை விடவில்லை. சமையலறைப் பக்கம் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. நர்கிஸ் புயலுக்குப் பிறகு போட்ட அதே தகரம்தான். பதினேழு வருடம் தாங்கியதே பெரிது. தங்கைக்கு டியூஷன் பிள்ளைகள் இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வழக்கம்போல.

ஞாயிறு ஆராதனையை விட்டுவிடாதே. நீ போவதில்லை என்று ஒருவர் வந்து சொன்னார். யார் என்று கேட்காதே. வேலை இருந்திருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் விட்டுவிடாதே. எதற்காக உன்னை அத்தனை அவசரமாக அங்கே அனுப்பினோம் என்று நான் எழுத வேண்டியதில்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற 35 வயது முடியும்வரை நீ அங்கேதான் இருக்கவேண்டும் போலிருக்கிறது. தனியாக இருக்கும் பிள்ளைக்கு ஜெபத்தைவிட்டால் வேறு என்ன பாதுகாப்பு? கடன் வாங்காதே. கூட வேலைசெய்கிறவர்களோடு இரவில் வெளியே போகாதே. ஆராதனையை மட்டும் விட்டுவிடாதே.

கிறிஸ்துமஸ் விழாவில் நீ 121-ஆம் சங்கீதம் ஒப்பித்தது நினைவிருக்கிறதா? 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்று நீ ஆரம்பித்ததும் சபையே அடங்கிப்போனது. ஒரு சொல் பிசகவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "ஒத்தாசை என்றால் என்னப்பா?" என்று கேட்டாய். கூட வந்து கைகொடுப்பது என்றேன். அடுத்த மே மாதம், 2008-இல், நர்கிஸ் அடித்தது. இரண்டாம் தேதி இரவு முழுவதும் நாம் நால்வரும் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். விடிந்து வெளியே வந்தபோது கூரை இல்லை. எதிர்வீட்டுப் பர்மாக்காரப் பெரியவர், அவர் வீடும் பாதி போயிருந்தும், சுத்தியலோடு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். நீ ஆணி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஒத்தாசை வந்துவிட்டது" என்று கத்தினாய். அவருக்குத் தமிழ் தெரியாது, சிரித்தார். பத்து வயதில் உனக்குப் புரிந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு அந்த ஏப்ரல் இரவைப்பற்றி எழுதாமல் போனால் நான் பொய்யன்.

மார்ச் 28 மதியம் சகாயிங்கில் பூமி அதிர்ந்தது, அளவு 7.7. மாண்டலே விழுந்தது, 1934-இல் கட்டிய ஆவா பாலம் ஆற்றுக்குள் போனது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக் கட்டிடம் இடிந்துவிட்டது என்று சேதி வந்தது. நீ எந்தக் கட்டிடத்தில் வேலை செய்கிறாய் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு உன் குரல் கேட்கும்வரை நான் முழங்காலில் இருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த உண்மையான ஜெபம் அதுதான். ஞாயிறன்று எழுந்து நின்று சாட்சி சொன்னேன். ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டாய். வேலை நின்றுவிட்டது, சம்பளம் வரவில்லை, அறை வாடகைக்கு 5,000 பாட் வேண்டும் என்றாய். நான் என்ன சொன்னேன்? "முழங்கால்படியிடு தம்பி. ஆபத்துக்காலத்தில் கர்த்தரை நோக்கிக் கூப்பிடு. அவர் பார்த்துக்கொள்வார்." நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அந்த நேரத்தில் அரிசிப் பானைக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவில் பணம் இருந்தது. ரப்பர் பட்டை போட்டு, தகரத்துக்கு என்று எடுத்து வைத்த பணம். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் அங்கேதான் போனது. அம்மாவிடம்கூட, நீ சும்மா விசாரிக்கக் கூப்பிட்டாய் என்றுதான் சொன்னேன்.

கர்த்தரைக் கேடயமாக வைத்து நான் என் டப்பாவைக் காப்பாற்றிக்கொண்டேன் மகனே. மூப்பர் என்று சபையில் முன்வரிசையில் உட்காருகிறவன்.

1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ளவும் வழி இல்லை. உனக்கு இப்போது இருக்கிற வயதுதான் எனக்கு. என் சேமிப்பு முழுவதும் 75 சாட் நோட்டு. தாத்தாவிடம் போய் அழுதேன். அவர் ஒரு வசனமும் சொல்லவில்லை. மறுநாள் காலை பாட்டியின் வளையலை விற்க, நகைக்கடைகள் இருக்கும் மொகல் தெருவுக்குப் போனார். பணத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்ட பிறகுதான், "வா, இப்போது ஜெபிக்கலாம்" என்றார்.

பர்மாவுக்கு ஊழியத்துக்கு வந்த அமெரிக்க ஜட்சன் பாதிரியார் 1824-இல் ஆவா சிறையில் விலங்கோடு கிடந்த கதையை ஓய்வுநாள் பள்ளிக்கு எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! அவருடைய விசுவாசத்தைப்பற்றியே சொன்னேன். அவர் மனைவி ஆன் அம்மாள் சிறைக் காவலர்களிடம் கெஞ்சிக் கெஞ்சி உள்ளே கொண்டுபோன சோற்றை ஒரு வரியில் தாண்டிவிடுவேன். பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசியைப் பராமரிக்கக் கர்த்தர் சாறிபாத்தில் கட்டளையிட்டது ஒரு ஏழை விதவைக்கு. அவள் பானையில் ஒரு பிடி மாவுதான். அதை வைத்துக்கொண்டு "ஜெபம் செய்யும் ஐயா" என்று அவள் கதவைச் சாத்தவில்லை.

கர்த்தர் உன்னைக் கைவிட்டார் என்று நினைத்து நீ ஆராதனைக்குப் போகாமல் இருந்தால், தம்பி, அது அவர் செய்ததல்ல. அவர் உனக்கு அனுப்பிய ஒத்தாசை நான். நான்தான் வரவில்லை. என்மேல் உள்ள கோபத்தை என்மேலேயே வைத்துக்கொள்.

நேற்று, வங்கி இல்லாமல் ஊர்விட்டு ஊர் பணம் அனுப்பித் தரும் ஹுண்டிக்காரரிடம் டப்பாவில் இருந்த பணத்தைக் கட்டிவிட்டேன். புதன்கிழமை உன் கைக்கு வரும் என்றார். எண்ணி வாங்கு. வாடகைப் பாக்கி யாரிடமாவது கடனாக நிற்கிறது என்றால் மறைக்காமல் எழுது, கோபப்படமாட்டேன். அம்மாவிடம் இன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய் உனக்குப் பாலாச்சாங் வறுக்க ஆரம்பித்தாள். வீடெல்லாம் இறால் வாசனை. ஒழுகும் இடத்தில் தங்கை பாத்திரம் வைத்திருக்கிறாள், அது பரவாயில்லை.

பையன் வெள்ளிக்கிழமை திரும்புகிறான். அவனிடம் ஒரு வரி எழுதிக் கொடு. பாலாச்சாங் தீர்ந்ததும் டப்பாவை எறிந்துவிடாதே. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த டப்பாதான் அது.

அப்பா