டி.டி.பி. கடைக்காரர் சங்கம், மதுரை: செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், சிம்மக்கல், செல்லூர், கோரிப்பாளையம், அண்ணா நகர் என்று பல பக்கமிருந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்கு முதலில் அஞ்சலி. ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்தவர். அவர் பயன்படுத்திய பெண்டியம் 4 என்ற பழைய கம்ப்யூட்டர் மெஷினை அவருடைய மகன் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அது நமக்கு எப்படி உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

சித்திரைத் திருவிழா நோட்டீஸ் வேலை குவிந்த மாதம் தவிர, மற்ற மாதங்களில் கூட்டம் ஒழுங்காக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மை அலைக்கழித்தது அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய நாள் அது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் இன்டெல் கம்பெனியுடையது என்றால், அது 8-ஆவது தலைமுறையாவது இருக்க வேண்டும். நம்மில் பலரிடம் இருப்பதோ அதற்கு முந்தைய இன்டெல் ப்ராசசர்களான கோர் 2 டுவோ, இல்லையென்றால் 2011-இல் வந்த ஐ5-2400. ஆளாளுக்கு மெஷின் மாற்றக் கிளம்பினோம்.

அந்த அவசரத்தில்தான் செல்லூர்ச் சகோதரி ஒருவர் ஏமாந்தார். நகையை அடகு வைத்து மெஷின் வாங்கினார். “ஐ5 அக்கா, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை” என்றார் விற்றவர். பளபளக்கும் புதுப் பெட்டிக்குள் இருந்தது ஐ5-2400. அவர் கடையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததும் அதே ஐ5-2400! தலைவரும் நானும் இரண்டு தடவை நேரில் போய்ப் பேசினோம். பணம் முழுதாகத் திரும்பவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

ஆகவே எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். ஐ5-2400-இல் முதலில் வரும் 2-தான் தலைமுறை. ஐ3-12100-இல் அது 12. மூன்றைவிட ஐந்து பெரிது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2022-இல் வந்த இந்த ஐ3-க்கு 4 கோர் (வேலை செய்யும் பகுதி), 8 திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை); அந்த ஐ5-க்கு 4 கோர், 4 திரெட்தான். கோருக்குக் கோர் வைத்துப் பார்த்தாலும் ஐ3 வெகுதூரம் முந்திவிடும். இன்டெல் குறிப்பிட்டிருக்கும் அடிப்படை மின்சாரமும் ஐ5-இன் 95 வாட்டுக்குப் பதில் ஐ3-க்கு 60 வாட். இன்னொன்று: 12100-க்குப் பின்னால் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு வாங்காமல் திரையில் ஒன்றும் தெரியாது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் நான்கு மெஷின்களை வரிசையாக வைத்தோம். மூத்தவரின் பெண்டியம் 4, கோர் 2 டுவோ இ7500, ஐ5-2400, ஐ3-12100. பெண்டியம் 4 ஓடுவது 3 கிகாஹெர்ட்ஸில். ஐ3-யின் அடிப்படை வேகம் 3.3. எண்ணில் இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒரே ஃபிளெக்ஸ் படத்தைத் திறந்தபோது ஐ3 வேலையை முடித்துவிட்டது, பெண்டியம் 4 திணறிக்கொண்டே இருந்தது. நம் தொழில் வழக்கில் சொன்னால், ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு அச்சு மெஷின்கள். ஒன்று சுற்றுக்கு ஒரு நோட்டீஸ் அடிக்கிறது, மற்றது ஒரே தாளில் நாலு நோட்டீஸ் அடிக்கிறது. கிகாஹெர்ட்ஸ் என்பது சுற்றின் எண்ணிக்கை மட்டுமே. 2006-இல் வந்த கோர் 2 டுவோ 2 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவான வேகத்திலேயே பெண்டியம் 4-ஐத் தோற்கடித்தது இதனால்தான்.

சரி, கல்யாணப் பத்திரிகைக்கு வருவோம். பத்திரிகைப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7 சாஃப்ட்வேர் வெளிவந்தது 2001-இல். அதற்கு நாலு கோர் கொடுத்தாலும் பயன்படுத்தத் தெரியாது. ஐ5-இலும் ஐ3-இலும் மாற்றி மாற்றி உட்கார்ந்து டைப் செய்து பார்த்தோம். யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. கோர் 2 டுவோவில் ஃபைல்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான, சுற்றாத சேமிப்பான எஸ்.எஸ்.டி. மாட்டினோம். அதன் பழைய போர்டு நொடிக்கு 300 எம்.பி.க்கு மேல் விடாது, புது எஸ்.எஸ்.டி.யின் வேகத்தில் பாதிதான். அப்படியிருந்தும், டீ குடித்துவிட்டு வந்தால்தான் திறக்கும் என்று கேலி செய்யப்பட்ட மெஷின் அது, உட்கார்ந்த கையோடு திறந்தது.

சகோதரியின் பழைய ஐ5-ஐயும் அன்று கழற்றினோம். ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் துடுப்புகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி தூசி. சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்த ப்ராசசர் மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து, விரலால் தொட்டதும் விபூதி மாதிரி உதிர்ந்தது. துடைத்து, மிளகளவு புது பேஸ்ட் வைத்து மூடினோம். அலறிக்கொண்டிருந்த ஃபேன் அடங்கியது. சூடு ஏறினால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே உள்ள நம் கடைகளில், இதைப் “பழசாகிவிட்டது” என்று எத்தனை பேர் தூக்கிப் போட்டிருப்போமோ!

பின்னர் செயற்குழுவில் பேசி முடிவு செய்தது இது. மனு, பத்திரிகை என்று டைப்பிங் மட்டும் செய்பவர்கள் எஸ்.எஸ்.டி. மாட்டி, பேஸ்ட் மாற்றிப் பாருங்கள். கடன் வாங்க வேண்டாம். ஆனால் ஆதரவு நின்ற விண்டோஸில் வங்கி, ஆதார் வேலைகளைச் செய்யாதீர்கள். அந்த மெஷினில் இணையத்தைத் துண்டித்துவிடுவதே நல்லது. ஃபிளெக்ஸ், ஆல்பம், வீடியோ செய்பவர்கள் பழையதோடு மல்லுக்கட்டாமல் புது ப்ராசசருக்குப் போகலாம்.

மெஷின் வாங்கும் முன் ப்ராசசரின் முழு எண்ணை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்ல நானும் துணைச் செயலாளரும் இருக்கிறோம். சோதனை மெஷின்கள் அறையிலேயே இருக்கின்றன, சாவி பொருளாளரிடம். உங்கள் கடை ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்