அரிசி டிரம்மில் கிடந்த மாத்திரை அட்டைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் மறதி நோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நரம்பியல் நிபுணர், ஸ்கேன் என்று பெருநகரத்தையே சுற்றி வந்திருந்தது. நிபுணரிடம் போய்ச் சேர்வதற்கு முன் நடப்பதை நான் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. பள்ளிக்கூடம் போனதில்லை; பால் கணக்கை விரல்விட்டே பைசா பிசகாமல் சொன்னவர். சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின். 2021இல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு தன்னார்வலரே மாதாமாதம் வீட்டில் கொடுத்துவிடுகிறார். பெரிய உபகாரம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் அரிசி டிரம்மில் கைவிட்டால் நாலு அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. அதற்கு முந்தின மாதமோ பத்து நாள் முன்னதாகவே மாத்திரை தீர்ந்திருந்தது. சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சாப்பிட்டிருக்கிறார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னேன். “வயசாகுதுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்” என்று டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார். வெளியே அத்தனை கூட்டம். அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. ஆனால் அதை நம்பி ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டோம்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். அம்மா பேனாவைக் கோலப்பொடி மாதிரி விரல் நுனியில் கிள்ளிப் பிடித்தார். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதும் என் முகத்தைப் பார்த்தார். இதில் தெரிவது மறதியா, படிக்காததா? ஒரு நர்ஸம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆடி பொறந்துடுச்சாம்மா?” என்று கேட்டார். அப்போது பங்குனி. “பொறந்து பத்து நாளாச்சே” என்றார் அம்மா. உடனே நர்ஸம்மா என் பக்கம் திரும்பி, பத்து வருடத்துக்கு முன் செய்ததில் எதெல்லாம் இப்போது முடிவதில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்துகிற முறை இது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ரத்தத்தில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் அப்படிக் குறையலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஊசி போட்டதில் கால் மரப்பு குறைந்தது, முகமும் கொஞ்சம் தெளிந்தது. மறதி போகவில்லை, டிமென்ஷியா என்கிற மறதி நோயும் இருக்கிறது என்றார்கள். மறதிக்கான டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறோம், அது நோயை மாற்றாது என்று தெரிந்தே.

பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டதில் மண்டைக்குள் தேங்கிய ரத்தம், தூக்க மாத்திரை, ஏன், சளிக்கு விழுங்கும் சிபிஎம் மாத்திரைகூட வயதானவர்களைக் குழப்பிவிடும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்பது ஆய்வாளர்கள் கணக்கு. இத்தனை பேரையும் நிபுணர் பார்த்து முடிக்கிற காரியமா?

பிரஷர் பார்க்க வரும் தன்னார்வலரே வீட்டாரிடம் மறதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கட்டும், மீந்த மாத்திரையை எண்ணிப் பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் பி12, தைராய்டு பரிசோதனைக்கு நிலையத்திலேயே வழி செய்யட்டும். எங்களுக்கு வெளியேதான் எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது அட்டைகள் என் பொறுப்பில். அடுத்த தெருவில் தனியாக இருக்கும் பாட்டிக்கும் இதே மாத்திரைதான் வருகிறது. அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் யாரும் கைவிட்டுப் பார்த்ததில்லை.

ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்